அக்கினி சாட்சியும் பதிவேட்டுச் சாட்சியும்

"அந்தக் காலத்தில் விவாகரத்தெல்லாம் ஏது?" என்று நம் வயதுக்காரர்கள் கோவில் வாசலிலும் நடைப்பயிற்சியிலும் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். இருந்தது. பெயர்தான் வேறு. 'அத்துவிட்டாச்சு' என்பார்கள், 'தீர்த்துவிட்டாச்சு' என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் கூடி, சீரைத் திருப்பி, நகையைக் கணக்குப் பார்த்து, இருவரையும் பிரித்துவிடுவார்கள். பெண் வேறு இடத்தில் வாழ்க்கைப்படுவதும் உண்டு. பல சாதிகளில் இது சாதாரண வழக்கம். இந்த வழி அடைபட்டிருந்தது மேல்சாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்ட வீடுகளில்தான்.

ஆகவே விவாகரத்து நேற்று வந்த நாகரிகம் அல்ல. நேற்று வந்தது கோர்ட்டும் காகிதமும். அந்தக் காகிதத்தின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். அதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். அம்மாவின் ஊர் அறந்தாங்கிப் பக்கம். 1974-ஆம் ஆண்டு ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அதை ஒட்டிப் பதிவுத்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இந்த மாவட்டத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பத்திரம், வில்லங்கம், கல்யாணப் பதிவு எல்லாம் என் மேஜை வழியாகப் போனவை.

குடும்ப வழக்குகளையே நாற்பது வருடமாக நடத்தி வரும் வக்கீல் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பெயர் போட வேண்டாம் என்றார். அவர் அடிக்கடி சொல்வது இது: "சார், கல்யாணம் முறிஞ்சுபோச்சுன்னு நிரூபிக்கிறது பெரிய காரியமில்லை. கல்யாணம் நடந்துச்சுன்னு நிரூபிக்கிறதுக்குள்ளதான் தாவு தீர்ந்துபோகுது." முதலில் வேடிக்கையாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் நம் குடும்பச் சட்டத்தின் பாதி வரலாறு இதில் அடங்கிவிடுகிறது.

ஒரே நாளில் இரண்டு சட்டம்

பள்ளியில் 1792 செப்டம்பர் 20 என்ற தேதியை மனப்பாடம் செய்திருக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிப் படை வால்மி என்ற இடத்தில் பிரஷ்யப் படையைத் தடுத்து நிறுத்திய நாள். வாத்தியார் பீரங்கிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அதே நாளில் பாரிஸில் சட்டசபை இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது என்பதை வேலைக்கு வந்த பிறகு நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் பாதிரியாரிடமிருந்து வாங்கி ஊராட்சி அலுவலகத்திடம் ஒப்படைத்த சட்டம். மற்றொன்று, விவாகரத்தை அனுமதித்த சட்டம். இரண்டும் ஒரே நாளில் வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அரசாங்கத்தின் ஏட்டில் எழுதிய திருமணத்தை அரசாங்கத்தின் ஏட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். எழுதவே இல்லை என்றால் எதை முடிப்பது?

பிறகு அங்கேயும் காற்று திசை மாறியது. நெப்போலியன் 1804-இல் சிவில் சட்டத் தொகுப்பில் விவாகரத்தைச் சுருக்கினார். மன்னராட்சி திரும்பியதும் 1816-இல் அது அடியோடு ரத்தானது. 1884-இல் நாகே என்பவர் முயற்சியால் மீண்டும் வந்தது. ஆனால் ஒருவர் மீது மற்றவர் குற்றம் சாட்டி நிரூபித்தால்தான் உண்டு. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி 1975-இல்தான் திரும்பியது. இவ்வளவு மாற்றத்திலும் அந்தப் பதிவேடு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

காரைக்கால் பாட்டியும் அறந்தாங்கிச் சின்னம்மாவும்

பிரெஞ்சு இந்தியாவில் இந்துக்களுக்கு அவரவர் வழக்கப்படியே தீர்ப்பு என்று 1819-இலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். 1881-இல் வந்த ஒரு ஆணைப்படி, விரும்பியவர்கள் சாதி வழக்கத்தைத் துறந்து முழுக்கப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். கோர்ட்டில் பூட்ஸ் அணிந்து நின்றதற்காக வழக்காடிய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவர்களில் முன்னணியில் நின்றவர். இன்றைக்கும் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது. 1963-இல் அந்தச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோதே அப்படி விலக்கு எழுதிவிட்டார்கள்.

எங்கள் குடும்பம் ரெனோன்சான் அல்ல. புரோகிதரும் மேளமும் வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட குடும்பம்தான். ஆனால் காரைக்காலில் கல்யாணத்தை 'மேரி'யில் எழுதிவைப்பது பழகிப்போயிருந்தது. மேரி என்றால் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம். என் அப்பாவின் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவர் காலமானபோது பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. மேரியிலிருந்து கல்யாணப் பதிவின் நகல் ஒரே ஒரு தாள் வாங்கிக் கொடுத்தார்கள். விதவைப் பென்ஷன் வந்தது. பாட்டி சாகும்வரை யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவின் கதை வேறு. சித்தப்பா மலாயாவுக்குப் போனவர். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறு குடும்பம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். சின்னம்மா பிரிவினையும் கேட்கவில்லை, ஜீவனாம்சமும் கேட்கவில்லை. 1970-களின் கடைசியில் அவர் இறந்த தகவல் வந்தது. வேலை பார்த்த இடத்தில் சேமநிதிப் பணம் இருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். நான் பதிவுத்துறைக்காரன் ஆயிற்றே, எழுதிப் போட்டேன். பதில் ஒரு வரியில் வந்தது: திருமணச் சான்றிதழை அனுப்பவும்.

"ஊரே பார்த்துச்சேப்பா" என்றார் சின்னம்மா. ஊர் பார்த்தது உண்மை. ஆனால் தாலி எடுத்துக் கொடுத்த பெரியவர் இல்லை, புரோகிதர் இல்லை, நாயனக்காரர் இல்லை. பத்திரிகை அச்சடித்த வழக்கம் அந்த வீட்டில் அப்போது கிடையாது. போட்டோவும் இல்லை. கிராம அதிகாரியிடம் ஒரு சான்று வாங்கி அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. சின்னம்மா கடைசிவரை வயல் வேலைக்குப் போய்த்தான் சாப்பிட்டார்.

இரண்டு பெண்களுமே படிக்காதவர்கள். இருவருமே முறைப்படி தாலி கட்டிக்கொண்டவர்கள். வித்தியாசம் ஒரு தாள்.

புதுக்கோட்டையின் இரண்டு பதிவுத் திருமணங்கள்

நம் ஊருக்கு இது புதிதல்ல. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த திருமணம் அது. அந்தச் சட்டத்தில் அப்போது ஒரு முள் இருந்தது. மணமக்கள் தாங்கள் இந்து மதத்தையோ வேறு குறிப்பிட்ட மதங்களையோ பின்பற்றவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். 1923-இல் திருத்தம் வரும்வரை இந்த நிலைதான். சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மதத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வா என்பது போல.

அடுத்த ஆண்டே இன்னொன்று. 1915 ஆகஸ்டில் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். மாலியை ராணியாக ஏற்க பிரிட்டிஷ் அரசு மறுத்தது. அடுத்த ஆண்டு பிறந்த மகன் சிட்னிக்கு வாரிசுரிமை இல்லை என்றது. மன்னர் மனைவியோடு சமஸ்தானத்தை விட்டே போனார். 1928-இல் பாரிஸில் காலமானார். சிம்மாசனத்துக்கு ராஜகோபாலத் தொண்டைமான் என்ற சிறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதிலும் ஒரு பாடம் உண்டு. பதிவேடு கணவன் மனைவி என்று சொல்லும். அதற்கு மேல் கொடுக்க வேண்டிய மரியாதையை அரசாங்கமும் ஊரும்தான் கொடுக்க வேண்டும்.

மற்ற ஜனங்களில் எழுதிவைத்தவர்கள் யார் என்று பார்த்தால் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும். ஆவூர் போன்ற பழைய பங்குகளில் கோவில் ஏடு இருக்கும். கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் இருக்கும். இந்துக் கல்யாணத்துக்குத்தான் அக்கினி சாட்சி. வக்கீல் நண்பர் சொல்வார், "அக்கினி பகவானுக்கு சம்மன் அனுப்ப முடியாதே சார்!"

ஏழு அடியில் சிக்கிய வழக்குகள்

1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்றது. விவாகரத்துக்கு வழி திறந்தது. ஆனால் திருமணம் எது என்பதைச் சடங்கில் வைத்தது. அவரவர் வழக்கப்படி சடங்கு நடக்க வேண்டும். அதில் சப்தபதி உண்டென்றால் ஏழாவது அடியில்தான் திருமணம் முழுமையாகும். 8-ஆம் பிரிவு பதிவைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் பதியாவிட்டாலும் திருமணம் செல்லும் என்று அதிலேயே இருக்கிறது.

இதனால் என்ன ஆயிற்று? கணவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான் என்று மனைவி வழக்குப் போடுவாள். இரண்டாம் கல்யாணத்தில் முக்கியச் சடங்குகள் முறைப்படி நடந்தன என்று அவளே நிரூபிக்க வேண்டும் என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லிவிட்டது. தன்னை அழைக்காத கல்யாணத்தில் எத்தனை அடி எடுத்துவைத்தார்கள் என்று முதல் மனைவிக்கு எப்படித் தெரியும்? இந்த ஓட்டையில் தப்பித்த ஆண்கள் ஏராளம்.

மறுபக்கம், உண்மையாக வாழ்ந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நகரத்தார் குடும்பம் ஒன்றில் 1934-இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புரோகிதரும் சடங்கும் இல்லை என்பதுதான் காரணம். அந்த மாதிரிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். ஒரே தீர்ப்பில் அத்தனை மனைவிமாரின் நிலையும் பிள்ளைகளின் நிலையும் ஆட்டம் கண்டது. 1967-இல் அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதைச் சரிசெய்தார்கள். உற்றார் உறவினர் முன் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னால் போதும், மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினால் போதும். முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுதினார்கள். நான் பார்த்தவரையில் சட்டசபை செய்த மிகப் பெரிய புண்ணியங்களில் இது ஒன்று.

இதே பிரிவுதான் 2001-இல் இன்னொரு பெண்ணுக்கும் கை கொடுத்தது. ஏழு அடி வைத்ததற்குச் சாட்சி இல்லை என்று இரண்டாம் கல்யாண வழக்கில் கணவனைக் கீழ்க்கோர்ட் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கும்போது சப்தபதி எதற்கு என்று கேட்டது உச்ச நீதிமன்றம்.

இருபது ரூபாய் விடுதலை

இனி பிரிகிறவர்களுக்கு வருகிறேன். என் வேலைக் காலத்தில் அடிக்கடி பார்த்தது 'விடுதலைப் பத்திரம்'. இருபது ரூபாய் முத்திரைத்தாளில், 'இன்று முதல் நமக்குள் எந்தப் பாத்தியமும் இல்லை' என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாட்சி. அத்தோடு முடிந்தது என்று நினைத்து இருவரும் வேறு கல்யாணமும் செய்துகொள்வார்கள்.

முடியவில்லை. வழக்கப்படியான விவாகரத்தை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் 29-ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சாதியில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருப்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள். முதல் கல்யாணம் அப்படியே நிற்கும். இரண்டாம் கல்யாணம் செல்லாது. இது தெரியவருவது பெரும்பாலும் ஒருவர் இறந்த பிறகு. குடும்பப் பென்ஷனுக்கு இரண்டு அம்மாக்கள் வந்து நிற்பார்கள். ஒருவர் கையில் விடுதலைப் பத்திரம், ஒருவர் கையில் குடும்ப அட்டை. இருபது வருடம் கூட வாழ்ந்து, படுக்கையில் கிடந்தவருக்குப் பணிவிடை செய்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜீவனாம்சத்தில் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டும். அங்கே கல்யாணத்தைக் கடுமையாக நிரூபிக்க வேண்டியதில்லை, கணவன் மனைவியாக வாழ்ந்தது தெரிந்தால் போதும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த உச்சவரம்பும் 2001-இல் நீங்கியது. ஆனால் சொத்து, பென்ஷன் என்று வரும்போது தாள் கேட்பார்கள்.

முறையாகப் பிரிய இப்போது வழி எளிது. இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்று 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் 13-பி சேர்ந்தது. பிரான்ஸில் அந்த வழி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமரசத்துக்கு வாய்ப்பே இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவப் பெண்கள்தான் அதிகம் காத்திருந்தார்கள். 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் நடத்தைக் குற்றம் ஒன்றே போதும். மனைவிக்கோ அதோடு கொடுமை, கைவிடுதல் என்று இன்னொன்றும் சேர வேண்டும். இந்தப் பாகுபாடு 2001-இல்தான் ஒழிந்தது.

"கைகுலுக்கிப் பிரியறவங்க ஆறு மாசத்துல முடிச்சுட்டுப் போயிடறாங்க. பழியைச் சுமத்திப் பிரியறவங்க பத்து வருசம் ஆனாலும் பிரியறதில்லை சார்" என்பது வக்கீல் நண்பரின் கணக்கு.

2009-க்குப் பிறகு

எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2009 நவம்பர் 24-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பாரிஸில் 1792-இல் வந்தது நம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர 217 வருடம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன்பு எங்கள் அலுவலகத்துக்குக் கல்யாணப் பதிவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிற மாப்பிள்ளைகள். விசாவுக்காக வந்தார்கள். அல்லது வீட்டை எதிர்த்து வந்த ஜோடிகள். மற்றவர்களைக் கேட்டால், "எங்க பொண்ணு என்ன ஓடிப்போயா கட்டிக்கிட்டா, ரிஜிஸ்தர் பண்ண?" என்பார்கள். பதிவு என்றாலே மானக்கேடு என்று ஒரு எண்ணம். இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பதிவு கல்யாணத்துக்குச் சாட்சியே தவிர, இந்து திருமணச் சட்டத்தில் பதிவே கல்யாணம் ஆகிவிடாது. கல்யாணமே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் செல்லாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசா அவசரத்துக்கு 'முதலில் ரிஜிஸ்தர், கல்யாணம் அப்புறம்' என்று செய்கிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பேத்தி கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள் என்றால், "முதல் நாளே பிரிவைப் பற்றிப் பேசலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இதை எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. வீடு வாங்கினால் மறுநாளே பட்டாவுக்கு அலைகிறோம். வீடு இடிந்துவிடும் என்று பயந்தா அலைகிறோம்? பதிவு பிரிவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. சேர்ந்தே வாழ்ந்து ஒருவர் முந்திக்கொண்டால், மிஞ்சி இருப்பவருக்கும் அதுதான் வேண்டும். என் பாட்டிக்கு வேண்டியிருந்தது.

ஆகவே இந்த வயதில் நாம் செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது. பேரன் பேத்தி கல்யாணம் முடிந்து விருந்து ஓய்ந்ததும், 90 நாள் கணக்கை ஞாபகப்படுத்துங்கள். கல்யாணப் பத்திரிகையில் இரண்டையாவது மஞ்சள் தடவாமல் எடுத்துவையுங்கள். கோவிலில் நடந்தால் கோவில் ரசீதையும், மண்டபத்தில் நடந்தால் மண்டப ரசீதையும் சேர்த்துவையுங்கள். உங்கள் சொந்தக் கல்யாணம் எங்கும் பதிவாகவில்லை என்றால், ஓய்வூதியக் கொடுவை உத்தரவில் துணைவியார் பெயர் சரியாக இருக்கிறதா, வங்கிக் கணக்கில் நியமனம் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நீங்கள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். நீங்கள் போன பிறகு அதைத் திருத்த அலையப்போவது அவர்தான்.